கேட்டு வாங்கும் க்ளாஸ்: அன்றும் இன்றும்

மல்லேஸ்வரம் மேற்கில் பிரிகேட் கேட்வே வளாகமும் உலக வர்த்தக மையக் கோபுரமும் நிற்கும் இடத்தில் முன்பு கிர்லோஸ்கர் எலக்ட்ரிக் தொழிற்சாலை இருந்தது. 1946இல் தொடங்கிய அந்தக் கம்பெனி மின்மோட்டார்களுக்குப் பேர்போனது. 2010ஐ ஒட்டிக் கோபுரம் எழுந்தது. அமேசான் தன் இந்திய அலுவலகத்தைப் பல ஆண்டுகள் அங்கேதான் வைத்திருந்தது. மோட்டார் செய்த நிலத்தில் மென்பொருள் எழுதுகிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டு தொழிலுக்கும் பொதுவான ஓர் அறிவு உண்டு. பம்பு செய்கிறவர் மோட்டாரைத் தானே செய்வதில்லை. போல்ட் துளைகள் எங்கே வரும், தண்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் தரப்படுத்தப்பட்ட அளவுகள். அளவு பொருந்தினால் எந்தக் கம்பெனி மோட்டாரும் அந்த இடத்தில் உட்காரும். எரிந்துபோனால் கழற்றிவிட்டு வேறொன்றை வைக்கலாம், பம்பைத் தொட வேண்டாம். மென்பொருளில் இந்த அறிவுக்குப் பெயர் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன். ஒரு க்ளாஸ் தனக்கு வேண்டிய துணைப் பொருளைத் தானே உண்டாக்கிக்கொள்ளாமல், "இப்படிப்பட்ட ஒன்று எனக்கு வேண்டும்" என்று மட்டும் சொல்லும். கொடுப்பது வெளியிலிருக்கும் வேறொருவர் பொறுப்பு.

யோசனை மாறவில்லை. அதை ஒரு வலைச்செயலியில் அமைக்கும் விதம் இந்த இருபது ஆண்டுகளில் தலைகீழாக மாறிவிட்டது. அந்த மாற்றத்தில் நாம் பெற்றது நிறைய. கைநழுவ விட்டதும் ஒன்று உண்டு. அதை மீட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் தானே செய்த காலம்

பேச்சு காற்றில் போகாமலிருக்க ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொள்வோம். மல்லேஸ்வரத்தை ஒட்டிய வயாலிக்காவலில், வயலின் வடிவில் கட்டப்பட்ட சௌடையா நினைவு அரங்கம் இருக்கிறது. 1980இல் திறந்தது. அங்கே நடக்கும் ஒரு கச்சேரிக்கு டிக்கெட் பதிவு செய்யும் செயலி என்று வைத்துக்கொள்வோம். அதன் நடுவே 'பதிவுச் சேவை' என்று ஒரு க்ளாஸ். இருக்கை காலியாக இருக்கிறதா என்று பார்க்க அதற்கு டேட்டாபேஸ் தொடர்பு வேண்டும். பணம் வாங்க பேமென்ட் கேட்வே வேண்டும். பதிவானதும் ரசிகருக்குச் சொல்ல எஸ்எம்எஸ் அனுப்பும் பொருள் வேண்டும். ஆக மூன்று சார்புகள்.

2000ஆம் ஆண்டையொட்டி இதை எழுதியவர் மூன்றையும் பதிவுச் சேவைக்குள்ளேயே 'நியூ' போட்டு உண்டாக்கியிருப்பார். டேட்டாபேஸின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அதே கோப்பில் இருக்கும். அல்லது 'சிங்கிள்டன்' என்று ஒன்றைச் செய்து, எங்கிருந்து வேண்டுமானாலும் அதை எட்டிப் பிடித்திருப்பார். வேலை நடக்கும். கச்சேரியும் நடக்கும். ஆனால் எஸ்எம்எஸ் கம்பெனியை மாற்ற வேண்டும் என்ற நாளில்தான் சிக்கல். அந்தப் பெயர் எத்தனை கோப்பில் இருக்கிறது என்று தேடி, ஒவ்வொன்றையும் திறந்து, மாற்றி, மறுபடியும் கம்பைல் செய்ய வேண்டும்.

அதைவிடப் பெரிய துன்பம் சோதனை செய்வது. பதிவுச் சேவையில் ஒரே ஒரு நிபந்தனையைச் சரிபார்க்க வேண்டும் என்றாலும் உண்மையான டேட்டாபேஸ் ஓட வேண்டும், உண்மையான பேமென்ட் கேட்வே பதில் சொல்ல வேண்டும், யாரோ ஒருவர் கைப்பேசிக்கு உண்மையான எஸ்எம்எஸ் போய்ச் சேரும். அதனால் பலர் சோதனையே எழுதவில்லை. கையால் தட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கு வேலை செய்தவர்கள் பட்ட பாடு வேறு. அப்போது ஜாவா உலகத்தின் அதிகாரபூர்வ வழி எண்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ். ஒரு சிறிய வேலைக்கு ஹோம் இன்டர்ஃபேஸ், ரிமோட் இன்டர்ஃபேஸ், பீன் க்ளாஸ் என்று மூன்று கோப்பு எழுதி, மேலே ஒரு நீண்ட எக்ஸ்எம்எல் விவரக் கோப்பும் வைக்க வேண்டும். துணைப் பொருள் வேண்டுமா? ஜேஎன்டிஐ என்ற பதிவேட்டில் பெயரைச் சொல்லித் தேட வேண்டும். கிடைத்ததைச் சரியான வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இத்தனையும் வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ் போன்ற பெரிய சர்வருக்குள் மட்டுமே உயிர் பெறும். ஒரு வரியை மாற்றினால் கட்டி, ஏற்றி, சர்வர் எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். மல்லேஸ்வரம் 18வது கிராஸில் கம்பெனி பஸ் பிடித்து எலக்ட்ரானிக் சிட்டிக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் போன தலைமுறைக்கு இந்தக் காத்திருப்பு அன்றாட வேலையின் ஒரு பகுதி.

பெயர் வருவதற்கு முன் வந்த தீர்வு

ராட் ஜான்சன் என்ற ஆஸ்திரேலியர் 2002 அக்டோபரில் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். எண்டர்பிரைஸ் ஜாவாவில் வடிவமைப்பும் கட்டுமானமும் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றிய தடிமனான புத்தகம் அது. இத்தனை சுமை தேவையில்லை, சாதாரண ஜாவா பொருள்களே போதும், அவற்றை ஒன்றோடொன்று கோக்க ஒரு சிறிய கட்டமைப்பு இருந்தால் போதும் என்பது அவர் வாதம். வாதத்தோடு நிற்கவில்லை. சுமார் 30,000 வரி ப்ரோகிராமையும் அதனுடன் கொடுத்தார். படித்தவர்களில் யூர்கன் ஹோலர், யான் கரோஃப் இருவரும் இதை எல்லோருக்கும் திறந்த திட்டமாக்கலாம் என்று அவரைத் தூண்டினார்கள். 2003 ஜூனில் அது ஸ்ப்ரிங் என்ற பெயரில் வெளிவந்தது. 1.0 பதிப்பு 2004 மார்ச்சில் வந்தது.

அதே காலத்தில் பிக்கோகன்டெய்னர் என்ற சிறிய கருவியும் புழக்கத்தில் இருந்தது. சார்புகளைக் கன்ஸ்ட்ரக்டர் வழியே, அதாவது பொருள் பிறக்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்பது அந்தக் குழுவின் கட்சி. ஸ்ப்ரிங் குழு அப்போது செட்டர் வழியே, பிறந்த பிறகு ஒவ்வொன்றாகக் கொடுப்பதை விரும்பியது. இந்த எல்லாக் கருவிகளும் 'கட்டுப்பாட்டைத் திருப்பிப் போடுவது' என்ற பொதுவான பேரில் பேசப்பட்டன. எந்த ஃப்ரேம்வொர்க்கும் ஏதோ ஒரு கட்டுப்பாட்டைத் திருப்பத்தான் செய்யும், அதனால் அந்தப் பேர் போதாது என்று மார்ட்டின் ஃபௌலர் 2004 ஜனவரியில் ஒரு கட்டுரையில் விளக்கினார். அந்தத் துறையினரோடு பேசி, டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்ற பெயரை நிலைநாட்டியது அந்தக் கட்டுரைதான்.

பெங்களூரின் சேவை நிறுவனங்களுக்கு ஸ்ப்ரிங் வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. ஆட்சேர்ப்பு விளம்பரங்களில் ஸ்ட்ரட்ஸ், ஹைபர்னேட், ஸ்ப்ரிங் என்ற மூன்று பெயர்களும் ஒன்றாக வரத் தொடங்கின.

எக்ஸ்எம்எல் ஆண்ட காலம்

அந்தக் கால அமைப்பை நெருங்கிப் பார்ப்போம். 'அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட்' என்று ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு 'பீன்' குறி. அதற்கு ஓர் அடையாளப் பெயர், பக்கத்தில் அந்த க்ளாஸின் முழு முகவரி, உள்ளே அதற்கு வேண்டிய ஒவ்வொரு சார்புக்கும் ஒரு 'ப்ராப்பர்ட்டி' வரி. நம் டிக்கெட் செயலியில் பதிவுச் சேவைக்கு மூன்று ப்ராப்பர்ட்டி வரும். டேட்டாபேஸ் தொடர்புக்குத் தனி பீன், அதற்குள் முகவரி, பயனர், கடவுச்சொல் என்று நான்கைந்து வரி. டிரான்ஸாக்‌ஷன் மேலாளருக்கு இன்னொன்று. ஹைபர்னேட்டின் செஷன் ஃபேக்டரிக்கு இன்னொன்று. ஓரளவு பெரிய செயலி என்றால் இந்தக் கோப்பு நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நீளும். அதை டேட்டா, சர்வீஸ், வெப், செக்யூரிட்டி என்று நான்கைந்து கோப்பாகப் பிரித்து வைப்பார்கள்.

ஓர் எழுத்து பிசகினாலும் தப்ப முடியாது. க்ளாஸின் பெயரை ஜாவாவில் மாற்றிவிட்டு எக்ஸ்எம்எல்லில் மாற்ற மறந்தால் கம்பைலர் கண்டுகொள்ளாது. அதற்கு எக்ஸ்எம்எல் வெறும் எழுத்து. செயலி எழும்போதுதான், பொருள்களை உண்டாக்கிக் கோக்கும் ஸ்ப்ரிங்கின் 'கன்டெய்னர்' அதைப் படிக்கும். அப்போது திரை முழுவதும் 'பீன் கிரியேஷன் எக்செப்ஷன்' என்று பக்கம் பக்கமாக ஓடும். முதல் வரியைப் படிக்கக் கூடாது, கீழே போய்க் கடைசி 'காஸ்டு பை' எங்கே என்று பார் என்பதுதான் புதிதாக வந்தவருக்கு மூத்தவர் சொல்லும் முதல் பாடம்.

இத்தனை குறை சொன்ன பிறகும் அந்தக் கோப்புக்கு ஓர் அருமை இருந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு செயலியில் எது எதை நம்பி நிற்கிறது என்பது முழுவதும் ஒரே இடத்தில் எழுதியிருக்கும். புதிதாக ஒரு திட்டத்தில் சேர்ந்தவர் முதலில் அதைத்தான் திறந்து படிப்பார். ஒரு பீனுக்குள் பன்னிரண்டு ப்ராப்பர்ட்டி வரி வந்தால் எழுதுகிறவர் கையே வலிக்கும். இந்த க்ளாஸ் அளவுக்கு மீறி வேலை செய்கிறது, இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று அந்த வலியே சொல்லிக் கொடுத்தது.

திருப்பம்

2007இல் காற்று மாறியது. கூகுளில் பாப் லீ முன்னின்று உருவாக்கிய கைஸ் அந்த ஆண்டு பொதுவெளிக்கு வந்தது. எக்ஸ்எம்எல் வேண்டாம், ஜாவாவிலேயே எழுதினால் கம்பைலர் காவல் நிற்கும் என்றது அது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஸ்ப்ரிங் 2.5 'ஆட்டோவயர்ட்' என்ற குறிப்பைக் கொண்டு நம் க்ளாஸுக்குள்ளேயே சார்பை அறிவிக்கவும், கோப்புறையைத் தானே துழாவி பீன்களைக் கண்டுபிடிக்கவும் வழிசெய்தது. 2009இல் ஜாவா உலகம் முழுவதற்கும் பொதுவான 'இன்ஜெக்ட்' குறிப்புகள் வந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த ஸ்ப்ரிங் 3.0இல் அமைப்பு முழுவதையும் ஜாவா க்ளாஸாகவே எழுத முடிந்தது.

2014 மார்ச் 1 அன்று மல்லேஸ்வரத்துக்கு மெட்ரோ வந்தது. சம்பிகே ரோட்டிலிருந்து பீன்யா பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த மாதமே ஸ்ப்ரிங் பூட் 1.0 வந்தது. நகரத்துக்கு மெட்ரோ எவ்வளவு பெரிய மாற்றமோ, இந்தத் தொழிலுக்கு ஸ்ப்ரிங் பூட் அவ்வளவு பெரிய மாற்றம் என்பேன். டேட்டாபேஸ் நூலகம் செயலியோடு சேர்ந்திருந்தால் அதற்கான தொடர்புப் பொருளைத் தானே செய்து வைத்துவிடும். வெப் நூலகம் இருந்தால் சர்வரையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும். நாம் தனியாகச் சொன்னால் மட்டும் ஒதுங்கி நின்று நம் சொல்லைக் கேட்கும். 2016இல் வந்த ஸ்ப்ரிங் 4.3 இன்னும் ஒரு படி போனது. ஒரு க்ளாஸுக்கு ஒரே கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் ஆட்டோவயர்ட் குறிப்பும் தேவையில்லை.

மைக்ரோசாஃப்ட் பக்கமும் இதே கதைதான், வேறு ஆட்களோடு. ஸ்ட்ரக்சர்மேப், காஸில் வின்ட்ஸர், ஆட்டோஃபேக், நின்ஜெக்ட் என்று வெளியார் செய்த கன்டெய்னர்கள் பல இருந்தன. எதை எடுப்பது என்பதே ஒரு விவாதம். எடுத்த பிறகு அதை ஏஎஸ்பி டாட்நெட்டோடு பொருத்துவது இன்னொரு வேலை. 2016 ஜூனில் வந்த ஏஎஸ்பி டாட்நெட் கோர் 1.0 கன்டெய்னரை ஃப்ரேம்வொர்க்குக்குள்ளேயே வைத்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் இல்லாமல் ஒரு வலைச்செயலி எழுதுவதுதான் கடினம். உலாவிக்குள் ஓடும் ஆங்குலர், பிஎச்பியின் லாராவெல், பைத்தானின் ஃபாஸ்ட்ஏபிஐ எல்லாமே தத்தம் வழியில் இதையே செய்கின்றன.

இன்று அமைக்கும் விதம்

அதே டிக்கெட் செயலியை இன்று ஒருவர் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எஸ்எம்எஸ் அனுப்பும் பொருளுக்கு ஒரு இன்டர்ஃபேஸ் எழுதுகிறார். 'இந்த எண்ணுக்கு இந்தச் செய்தியை அனுப்பு' என்ற ஒரே ஒரு செயல் அதில் இருக்கிறது. ஓர் எஸ்எம்எஸ் நிறுவனத்தின் வழியாக உண்மையில் அனுப்பும் க்ளாஸை எழுதி, அதன் தலையில் 'காம்போனென்ட்' என்ற குறிப்பை வைக்கிறார். பதிவுச் சேவையின் தலையில் 'சர்வீஸ்' என்ற குறிப்பு. அதன் கன்ஸ்ட்ரக்டரில் மூன்று சார்புகளையும் கேட்கிறார். ஸ்ப்ரிங் பூட்டில் அவ்வளவுதான். செயலி எழும்போது கன்டெய்னர் குறிப்பு வைத்த க்ளாஸ்களைத் தேடி எடுக்கிறது. யாருக்கு யார் வேண்டும் என்று கணக்குப் போட்டு, சார்பில்லாதவற்றை முதலில் உண்டாக்கி, அவற்றை மற்றவற்றின் கையில் கொடுக்கிறது.

டாட்நெட்டில் குறிப்புக்குப் பதில் பதிவு. 'ப்ரோகிராம்' கோப்பில் ஒரு வரி: இந்த இன்டர்ஃபேஸை யார் கேட்டாலும் இந்த க்ளாஸைக் கொடு, இந்த ஆயுளோடு கொடு. பிறகு கன்ஸ்ட்ரக்டரில் கேட்டால் வந்துவிடும்.

ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு க்ளாஸ் இருந்தால் ஸ்ப்ரிங் திகைத்து நின்றுவிடும், எதைக் கொடுப்பது என்று தெரியாமல். அப்போது ஒன்றை 'ப்ரைமரி' என்று குறிக்க வேண்டும், அல்லது 'குவாலிஃபயர்' கொண்டு பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்ட பொருளே இல்லையென்றால், முன்போல் பக்கம் பக்கமாகத் திட்டாமல், எந்தக் கன்ஸ்ட்ரக்டரின் எத்தனையாவது இடம் காலியாக இருக்கிறது, என்ன செய்தால் சரியாகும் என்று ஸ்ப்ரிங் பூட் சுருக்கமாகச் சொல்கிறது. அன்று மூத்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்ன யோசனையை இன்று ஃப்ரேம்வொர்க்கே சொல்கிறது.

சோதனையில்தான் பலன் பளிச்சென்று தெரியும். பதிவுச் சேவையைச் சோதிக்க இப்போது கன்டெய்னரே தேவையில்லை. எஸ்எம்எஸ் அனுப்பாமல் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு போலிப் பொருளைச் செய்து, கன்ஸ்ட்ரக்டரில் நாமே கொடுத்துவிடலாம். சோதனை இமைக்கும் நேரத்தில் முடியும். யார் கைப்பேசியும் ஒலிக்காது.

கன்ஸ்ட்ரக்டர் வழியா, செட்டர் வழியா என்ற பழைய வழக்கில் கன்ஸ்ட்ரக்டர் கட்சிதான் வென்றது. ஒரு காலத்தில் செட்டரை விரும்பிய ஸ்ப்ரிங் குழுவே இன்று கட்டாயச் சார்புகளுக்குக் கன்ஸ்ட்ரக்டரைத்தான் பரிந்துரைக்கிறது. பொருள் பிறக்கும்போதே முழுமையாகப் பிறக்கும், பாதி கட்டிய பொருள் யார் கைக்கும் போகாது என்பது காரணம். 'அ' என்ற க்ளாஸ் 'ஆ' என்ற க்ளாஸைக் கேட்டு, 'ஆ' திரும்ப அந்த 'அ' க்ளாஸையே கேட்கும் வட்டச் சார்பை முன்பு ஸ்ப்ரிங் எப்படியோ சமாளித்து ஓட்டியது. 2021 நவம்பரில் வந்த ஸ்ப்ரிங் பூட் 2.6 முதல் அதுவும் இயல்பாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. நல்ல முடிவு. இரண்டு க்ளாஸ் ஒன்றையொன்று பிடித்துத் தொங்கினால் கோளாறு வடிவமைப்பில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாமல் போனது

இனி இழப்பைப் பேச வேண்டும். எங்கள் பக்கத்து அலுவலகங்களில், வேறு வேறு வடிவத்தில், அடிக்கடி நடக்கும் ஓர் உரையாடல் இது.

"அண்ணா, டெஸ்ட்டுல எல்லாம் சரியா வருது. லைவ்ல மட்டும் ஒருத்தர் பேரு இன்னொருத்தர் டிக்கெட்டுல வருது."

"பேர எங்க வச்சிருக்கே?"

"சர்வீஸ் க்ளாஸ்லயே ஒரு ஃபீல்டு போட்டிருக்கேன்."

"அந்த சர்வீஸ் ஆளுக்கு ஒண்ணா, எல்லாருக்கும் சேத்து ஒண்ணா?"

பதில் வராது. தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்ப்ரிங்கில் ஒரு பீன் இயல்பாகவே சிங்கிள்டன், செயலி முழுவதற்கும் ஒன்றே ஒன்று. ஒரே நேரத்தில் இருநூறு பேர் டிக்கெட் எடுத்தால் இருநூறு பேரும் அந்த ஒரே பொருளைத்தான் பயன்படுத்துவார்கள். அதில் ஒருவர் பெயரை எழுதி வைத்தால் அடுத்தவர் அதன் மேல் எழுதுவார். டெஸ்ட்டில் ஒரே ஆள்தான் தட்டிப் பார்க்கிறார், அதனால் அங்கே தெரிவதில்லை. கன்டெய்னர் எத்தனை பொருள் செய்கிறது, எப்போது செய்கிறது, எப்போது விடுகிறது என்பதை அவருக்கு யாரும் காட்டவில்லை. ஒரு குறிப்பை வைத்தார், பொருள் வந்தது.

டாட்நெட்டில் இதே ஆபத்து வேறு முகத்தோடு வரும். அங்கே மூன்று ஆயுள். 'சிங்கிள்டன்' செயலி உள்ளவரை. 'ஸ்கோப்டு' ஒரு வலைக் கோரிக்கை முடியும்வரை. 'ட்ரான்ஸியன்ட்' கேட்கும்போதெல்லாம் புதிது. டேட்டாபேஸோடு பேசும் டிபிகான்டெக்ஸ்ட் என்ற பொருள் இயல்பாக ஸ்கோப்டு. ஒரு கோரிக்கைக்கு ஒன்று என்ற கணக்கில், ஒரே நேரத்தில் பலர் தொட முடியாதபடி செய்யப்பட்டது. ஒரு சிங்கிள்டன் அதைத் தன் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கி வைத்துக்கொண்டால், கோரிக்கையோடு போக வேண்டிய பொருள் செயலி உள்ளவரை அதன் கையில் சிக்கிக்கொள்ளும். பழைய தகவல் வரும், பலர் ஒன்றாகத் தொட்டால் பிழை வெடிக்கும். இந்தப் படத்தைத் தெளிவாக வரைந்து எச்சரித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த மார்க் சீமன். ஏஎஸ்பி டாட்நெட் கோர், வளர்ச்சிச் சூழலில் ஓடும்போது இதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். லைவில் இயல்பாக அந்தச் சோதனை நடப்பதில்லை. ஆகவே டெவலப்பர் தன் கணினியில் வரும் அந்தப் பிழையை மதித்துப் படிக்க வேண்டும். எப்படியாவது அது போய்விட்டால் போதும் என்று சிங்கிள்டனை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கக் கூடாது.

மூன்றாவது விளைவு மெதுவாக நடப்பது. எக்ஸ்எம்எல்லில் பன்னிரண்டாவது சார்பைச் சேர்க்கக் கை வலித்தது. இன்று கன்ஸ்ட்ரக்டரில் ஒரு பெயரைச் சேர்த்தால் போதும். லோம்போக் போன்ற கருவி இருந்தால் கன்ஸ்ட்ரக்டரையே எழுத வேண்டாம், ஒரு ஃபீல்டு சேர்த்தால் போதும். இப்போது செயற்கை நுண்ணறிவு உதவிக் கருவிகள் அந்த ஒரு வரியையும் எழுதித் தருகின்றன. மூன்று சார்பில் தொடங்கிய பதிவுச் சேவை ஓராண்டில் பதினான்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. யாரும் அதைத் திட்டமிடவில்லை. ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் ஒரே ஒரு பெயரைச் சேர்த்தார். முன்பு வலி தடுத்ததை இனி நம் அறிவுதான் தடுக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் எளிதாகிவிட்டதால் சார்பு குறைந்துவிடவில்லை. சார்பைச் சேர்ப்பதுதான் மலிவாகிவிட்டது.

ஒரு நல்ல இன்டர்ஃபேஸ் நாடு கடந்த கதை

சரியாகச் செய்தால் இந்த யோசனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதே பெங்களூரில் சான்று இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் உள்ள சர்வதேச தகவல் தொழில்நுட்பக் கழகம் 2018இல் மோசிப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒரு நாடு தன் மக்களுக்கு டிஜிட்டல் அடையாளம் கொடுக்க விரும்பினால் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் இது. ஜாவாவில், ஸ்ப்ரிங் பூட்டின் மேல் கட்டப்பட்டது.

அடையாள அமைப்பில் மிகவும் சிக்கலான சார்பு பயோமெட்ரிக். கைரேகையையும் கருவிழியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளைச் சில கம்பெனிகள்தான் செய்கின்றன. ஒரு நாடு அவற்றில் ஒன்றைத் தன் அமைப்பின் நடுவே நேரடியாகப் பிணைத்துவிட்டால், பிறகு அந்தக் கம்பெனி சொல்வதுதான் விலை. மோசிப் வடிவமைத்தவர்கள் இதற்கு ஓர் இன்டர்ஃபேஸை வரையறுத்தார்கள். படத்தின் தரம் பார், இரண்டையும் ஒப்பிடு, அம்சங்களைப் பிரித்தெடு என்று செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் அது. எந்தக் கம்பெனியும் அதை நிறைவேற்றும் க்ளாஸைக் கொண்டுவரலாம். எதை ஏற்றுவது என்பது அமைப்புக் கோப்பில் முடிவாகிறது. சோதனைக்கு ஒரு போலி மென்பொருளை மோசிப் குழுவே கொடுக்கிறது. நம் டிக்கெட் செயலியின் போலி எஸ்எம்எஸ் பொருளுக்கும் அதற்கும் கொள்கையில் வேறுபாடு இல்லை.

பிலிப்பைன்ஸும் மொராக்கோவும் முதலில் இதை எடுத்துக்கொண்ட நாடுகளில் அடங்கும். இலங்கையும் தன் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு மோசிப்பைத் தேர்ந்தெடுத்தது. அதற்கான இந்திய நிதியுதவி ஒப்பந்தம் 2022 மார்ச்சில் கையெழுத்தானது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒருவர் கைரேகை வைக்கும்போது, அதை ஒப்பிடும் மென்பொருளைத் தேர்வு செய்யும் உரிமை அந்த நாட்டின் கையில் இருக்க வேண்டும். அந்த உரிமையைச் சட்டமும் ஒப்பந்தமும் காக்கலாம். வடிவமைப்பில் சரியான இடத்தில் வைத்த ஓர் இன்டர்ஃபேஸும் அதைக் காக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. எந்த ஃப்ரேம்வொர்க்கும் அந்த இடத்தைத் தானாகத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை. எது மாறக்கூடியது, எது யார் கைக்கு அடிமையாகக் கூடாது என்று மனிதர்கள் யோசித்து முடிவு செய்தார்கள். எல்லா க்ளாஸுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஓர் இன்டர்ஃபேஸ் போடுவதும் நல்ல வடிவமைப்பு அல்ல. வெளியுலகைத் தொடும் இடம், விலை கொடுத்து வாங்கும் இடம், நாளை மாறும் இடம் ஆகியவற்றில் போட வேண்டும். வரிக் கணக்கைக் கூட்டிச் சொல்லும் சிறிய க்ளாஸை நேரடியாகவே 'நியூ' போட்டு உண்டாக்கலாம், அதில் குற்றம் எதுவும் இல்லை.

கையால் ஒரு முறை

இருபது ஆண்டுகளை எடை போட்டுப் பார்த்தால் இன்றுதான் மேல். தயக்கமில்லாமல் சொல்கிறேன். எக்ஸ்எம்எல்லுக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்க வேண்டாம். சோதனை எழுதுவது எளிதாகிவிட்டது, தவறு சீக்கிரம் தெரிகிறது, ஒரு புதியவர் முதல் நாளிலேயே ஓடும் செயலியைக் கண்ணால் பார்க்கிறார். அன்று இருந்து இன்று இல்லாதது ஒன்றே: முழுப் படம். எது எதை நம்பி நிற்கிறது, எது எவ்வளவு காலம் வாழ்கிறது என்ற படம்.

அதை மீட்க வழி இருக்கிறது, செலவும் இல்லை. மல்லேஸ்வரத்திலும் ராஜாஜிநகரிலும் விடுதியில் தங்கி ஃப்ரேம்வொர்க் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். கன்டெய்னரைத் தொடுவதற்கு முன் ஒரு சிறிய செயலியைக் கையால் கோத்துப் பாருங்கள். ஐந்தாறு க்ளாஸ் போதும். 'மெயின்' என்ற ஒரே இடத்தில் டேட்டாபேஸ் தொடர்பை உண்டாக்குங்கள், அதை இருக்கைப் பட்டியலிடம் கொடுங்கள், எஸ்எம்எஸ் பொருளை உண்டாக்குங்கள், எல்லாவற்றையும் பதிவுச் சேவையிடம் கொடுங்கள். எதை ஒரு முறை செய்தீர்கள், எதை ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகச் செய்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மார்க் சீமன் இந்தக் கைவேலையையே முழுமையான ஒரு வழியாகச் சொல்கிறார். சிறிய செயலிகளுக்கு அதுவே போதும்.

அதன் பிறகு அதே செயலியை ஸ்ப்ரிங் பூட்டிலோ டாட்நெட்டிலோ எழுதுங்கள். கன்டெய்னர் என்ன செய்கிறது என்பது அப்போது புதிராக இருக்காது, நீங்கள் கையால் செய்ததைத்தான் அது செய்கிறது. ஸ்ப்ரிங் பூட்டை 'டீபக்' சொல்லோடு ஓட்டினால் எதை எந்தக் காரணத்தால் அமைத்தது, எதை ஏன் விட்டது என்று பட்டியலிட்டுக் காட்டும். அந்தப் பட்டியலை ஒரு முறையாவது உட்கார்ந்து படியுங்கள்.

குழுவை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரிவ்யூவுக்கு வரும் கோடில் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு பெயர் கூடினால் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தச் சார்பு இந்த க்ளாஸுக்கு உண்மையிலேயே வேண்டுமா? இதன் ஆயுள் என்ன? பதில் சொல்ல முடிந்தால் சேர்க்கட்டும். முடியாவிட்டால் அந்த வரியை எழுதியது மனிதரோ கருவியோ, திருப்பி அனுப்புங்கள்.